முதலில் சாகிறவள்

கல்லறைத் திருநாளன்று மதியம் தாண்டி வெயில் சற்றே இறங்கிய நேரத்தில், தூத்துக்குடிக் கடற்கரைச் சாலை வழியாக, முதலில் செத்தவர்கள் ஊருக்குள் வந்தார்கள். ஈரத் தலையோடு சிலர், அரைக்கால் சட்டையோடு சிலர், நடன விருந்துக்குப் போகிற பளபளக்கிற கவுனோடு ஒருத்தி, தொண்டையில் அம்பு தைத்த ஒரு பையன், முதுகில் கோடரி நின்றபடியே நிமிர்ந்து நடக்கிற ஒரு வாலிபன் என்று நாற்பது ஐம்பது பேர், ஒருவரையொருவர் முந்தாமல், ஒருவரோடொருவர் பேசாமல், நேரே கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வந்து, அங்கே செவ்வந்தியும் மெழுகுதிரியும் விற்றுக்கொண்டிருந்த பெண்களிடம், எங்கள் கல்லறை எங்கே என்று இங்கிலீஷில் கேட்டார்கள். எங்களூர் துறைமுக ஊர். கடற்கரைப் பக்கமிருந்து யார் வந்தாலும் முதலில் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு அப்புறம்தான் விசாரிப்பது எங்கள் வழக்கம். பூக்காரப் பெண்கள் சொம்பை நீட்டினார்கள், வந்தவர்கள் குடித்தார்கள், அம்பு தைத்த பையன் குடித்தது மட்டும் கொஞ்சம் கழுத்து வழியாக ஒழுகியது, அதையும் ஒருத்தி தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

உள்ளே தன் அப்பா அம்மா கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்த எமரன்சியா மச்சாது சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாமென்று இருந்துவிட்டவள், அப்பா விட்டுப்போன மக்ரூன் பேக்கரியைத் தனியாளாக நடத்துகிறவள். மெழுகு உருகி விரலெல்லாம் வழிந்தது, அவளுக்குச் சுடவில்லை. "ராட்னி" என்றாள். கோடரிக்காரன் திரும்பினான். அவள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட, அவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி கையைத் தூக்கினார்கள். இரண்டு பேர் அழுதேவிட்டார்கள், ஏனென்றால் அவர்களுடைய படத்திலேகூட அவர்கள் பெயர் ஒரே ஒரு தடவைதான் சொல்லப்பட்டது. கடைசியாக, மஞ்சள் சட்டை போட்டு, கிராப்பு வெட்டி, கழுத்தில் ஒரு கோடு ரத்தத்தோடு சுவரோரம் ஒதுங்கி நின்ற பெண்ணைப் பார்த்து அவள் "டோரீன்" என்றபோது அவளுக்கே குரல் உடைந்துவிட்டது. எங்களில் அங்கே நின்றவர்கள் யாரும் அதை இன்றுவரை மறக்கவில்லை.

எமரன்சியாவின் பைத்தியம் ஊரறிந்தது. முகமூடி மாட்டிய ஒருத்தன் கத்தியோ கோடரியோ எடுத்துக்கொண்டு வந்து, ஏரிக்கரையிலும் காட்டு பங்களாவிலும் கும்மாளமடிக்கிற இளவட்டங்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிற வெளிநாட்டுப் படங்கள் இருக்கின்றனவே, ஸ்லாஷர் படங்கள் என்று பெயர், நாங்கள் எமரன்சியா படம் என்போம், அவற்றை அவள் பாவாடை தாவணி வயதிலிருந்து சேர்த்து வந்தாள். கப்பல்காரர்கள் பார்த்து முடித்த வீடியோ கேசட்டுகளைத் துறைமுகத்தில் விட்டுப்போவார்கள். மற்றவர்கள் சென்ட்டும் சோப்பும் தேடிப் போகிற இடத்தில் இவள் மக்ரூன் டப்பாவோடு போய் நின்று, கத்தி வரைந்த அட்டை எது, ரத்தம் வரைந்த அட்டை எது என்று பார்த்து மாற்றிக்கொண்டு வருவாள். கடல் காற்றில் எந்தக் கேசட்டும் பூஞ்சை பிடித்துவிடும், ஆனால் இவள் கேசட்டுகளெல்லாம் பேக்கரி அடுப்புக்கு நேர் மேலே இருக்கிற மாடி அறையில் இதமான சூட்டில் இருந்ததால் உலகத்திலேயே இங்கேதான் சௌக்கியமாக இருந்தன. அந்த அறையில் கால் வைத்தால் சீனி பாகு வாசனையும் பிளாஸ்டிக் வாசனையும் சேர்ந்து வரும், தரையிலிருந்து கூரை வரை கத்தி பிடித்த கைகள் நம்மையே பார்க்கும்.

அந்தப் படங்களில் அவளுக்குப் பிடித்தது கொலைகாரனும் இல்லை, தப்பித்துப் பிழைக்கிற கதாநாயகியும் இல்லை, முதலில் சாகிறவர். "மத்தவங்களுக்காவது ஓட நேரம் கெடைக்கும், கத்த நேரம் கெடைக்கும், செத்தபிறகு பாத்து அழ ஆள் இருக்கும். மொதல்ல போறவ செத்ததே ஒருத்தருக்கும் தெரியாதுல்லா? அவ ஆத்துமா எங்கன போய் நிக்கும்?" என்பாள். ஆகவே ஒவ்வொரு புதுப்படம் பார்த்த மறுநாளும், எங்கள் வழக்கப்படி செத்துப்போன சொந்தக்காரர்களுக்குப் பூசையில் பெயர் கொடுப்போமே, அப்படிக் கோயிலுக்குப் போய் சுவக்கின் சாமியாரிடம் அந்த முதல் ஆளின் பெயரைக் கொடுத்துவிட்டு வருவாள். சாமியாரும் ராட்னியின் ஆத்துமா இளைப்பாறவும், கிறிஸ்டலின் ஆத்துமா இளைப்பாறவும் என்று வருஷக்கணக்காக வாசித்தார். மச்சாது குடும்பத்துக்குச் சீமையில் எக்கச்சக்கமான சொந்தம் போல, பாவம், அத்தனையும் அற்பாயுசில் போகிறதே என்று நாங்கள் உச்சுக்கொட்டி, பூசை முடிந்து வருகிறவளிடம் மீன் குழம்பு கொடுத்தனுப்பினோம். அவளும் வாங்கிக்கொண்டாள்.

ஆக, வந்தவர்கள் யார், ஏன் எங்களூருக்கு வந்தார்கள் என்பதில் யாருக்கும் பெரிய குழப்பம் ஏற்படவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஊருக்கு ஆள் வருவது நியாயம்தானே. சிக்கலெல்லாம் அவர்களை என்ன செய்வது என்பதில்தான். சுவக்கின் சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, கோடரியைத் தொட்டுப் பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டு, "செத்தவங்க ஆத்துமா காத்துக்கெடக்குத உத்தரிக்கிற ஸ்தலத்தப் பத்தி நானும் இத்தன வருசமா பிரசங்கம் வைக்கேன், இப்பத்தான் அங்கேருந்து ஆள் வந்திருக்கு" என்றார். கல்லறை கேட்கிறார்கள் சாமி என்றதற்கு, "மூச்சு விடுதவங்கள நான் எப்படிப் பொதைக்க? முதல்ல சாப்பிடச் சொல்லுங்க" என்றார். பெரியாஸ்பத்திரி டாக்டர் வந்து நாடி பார்த்து, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, கோடரியை மட்டும் யாரும் அசைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு ஒருவராகப் பிரித்துக்கொண்டோம். பொண்ணு கட்டிக்கொடுத்துக் காலியாக இருந்த அறைகள், கப்பலுக்குப் போன பையன்களின் கட்டில்கள், எல்லாம் நிரம்பின. தையல்காரர் ராட்னிக்கு முதுகில் பிளவு விட்டுச் சட்டை தைத்தார். கோமதிநாயகம் அண்ணாச்சி அவனைத் தன் புரோட்டாக் கடைக்கு அழைத்துப் போனார். அவன் மாவடிக்கிற அடியில் பக்கத்துக் கடைக் கண்ணாடி அதிர்ந்தது, வாங்க வருகிறவர்கள் காய்கறிப் பையைக் கோடரிக் காம்பில் மாட்டிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள், அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அம்பு தைத்த பையன் பாடகர் குழுவில் சேர்ந்தான். அவன் பாடும்போது கூடவே ஒரு சன்னமான விசில் வந்தது, கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கியது. டோரீன் எமரன்சியாவோடு போனாள்.

அப்புறம்தான் அந்த இன்னொரு விஷயம் தெரிய வந்தது. ஒருநாள் சாயங்காலம் ராட்னி மாவை விசிறி மேலே வீசினான். மாவு கீழே வந்தபோது பிடிக்க அவன் இல்லை, அது அண்ணாச்சி தலையில் முக்காடாக விழுந்தது. எங்கும் தேடினோம். ஒரு படம் ஓடி முடிகிற நேரம் கழித்து, நின்ற அதே இடத்தில், உடம்பெல்லாம் வெலவெலத்து, கோடரிக் காயத்தில் புது ரத்தத்தோடு நின்றான். உலகத்தில் எங்கேயோ யாரோ அவன் படத்தைப் போட்டிருக்கிறார்கள். போட்டால் அவன் போய்ச் செத்துவிட்டுத்தான் வர வேண்டும். "இனிப்பா ஏதாவது குடுங்க அண்ணாச்சி" என்று கடையில் பழகிய தமிழில் கேட்டான்.

ஒவ்வொருவருக்கும் இப்படியே நடந்தது. பாடகர் குழுவில் அல்லேலூயாவின் நடுவில் விசில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் கவுன்காரியின் கவளம் தட்டில் விழும். நாங்கள் பழகிக்கொண்டோம். போனவர் தட்டை மூடி வைப்போம், நாற்காலியை அவர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாரோ அந்தப் பக்கமே விட்டுவைப்போம், ஒரு தம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கரைத்து அருகில் வைத்துவிட்டு, அவர் வரும்வரை அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டோம். வந்ததும், எங்கே போனாய், வலித்ததா என்று எதுவும் கேட்கக் கூடாது என்பது தானாகவே ஏற்பட்ட மரியாதை. எத்தனை தடவை செத்தாலும் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து சோற்றைப் பிசைகிற அந்த மனுஷர்களைப் பார்க்கப் பார்க்க எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது.

டோரீன் மட்டும் ஒருநாளும் மறையவில்லை. காரணம் எமரன்சியாவுக்குத் தெரியும். டோரீனுடைய படத்தை எடுத்த கம்பெனி தீப்பிடித்து எரிந்து, பிலிம் எல்லாம் சாம்பலாகி, உலகத்தில் எஞ்சியது ஒரே ஒரு கேசட். அது கப்பல் சமையல்காரர் ஒருவர் மூலமாக எமரன்சியாவின் கைக்கு வந்து, மாடி அறையின் நடுத்தட்டில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வருஷம் ஒரு தடவை எமரன்சியா தன் பிறந்தநாளுக்குத் தனக்கே போட்டுக் காட்டிக்கொள்கிற படம் அது. காய்ந்துபோன ஓர் உப்பு ஏரியில், கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையில், எங்களூர் உப்பளம் மாதிரியே இருக்கிற ஓர் இடத்தில் நடக்கிற கதை. இவர்கள் வந்த நாளிலிருந்து அவள் அதைத் தொடவில்லை.

யாரும் பார்க்காததால் டோரீனுக்கு ஓர் அதிசயம் நடந்தது. அவள் தலைமுடி வளர்ந்தது. மற்றவர்களுக்கு முடி ஓர் இழைகூட நீளாது, வெட்டின நகமும் பழைய அளவுக்கே வந்து நிற்கும், ஏனென்றால் செத்துத் திரும்பும்போதெல்லாம் படத்தில் இருந்தபடியே திரும்புவார்கள். டோரீனுக்கோ கிராப்பு தோளைத் தொட்டது, தோளைத் தாண்டியது, கழுத்துக் காயம் மூடி ஒரு வெளிறிய தழும்பானது. தமிழ் வந்தது. வெள்ளைக்கரு நுரைக்க நுரைக்க அடித்துப் பாத்திரத்தைக் கவிழ்த்தால் விழாமல் நிற்கிற பதம் வந்தது. எமரன்சியாவை "யக்கா" என்றாள், தெருவில் வம்புக்கு நின்றாள், ஆண்டு நிறைவதற்குள் அவளுக்கு நைட்டி இரண்டு அங்குலம் கட்டையாகிப் போனது. முதலில் செத்த மற்றவர்கள் மத்தியானத்தில் பேக்கரி வாசலில் வந்து உட்கார்ந்து, அவள் பின்னல் போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோயிலில் தேர் பார்ப்பவர்கள்கூட அப்படிப் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து வேந்தன் என்று ஒருவர் வந்தார். எமரன்சியாவைப் போலவே இந்தப் படங்களைச் சேர்க்கிறவர். பழைய கேசட்டுகளைச் சுத்தம் பண்ணி, கம்ப்யூட்டரில் ஏற்றி, உலகம் முழுவதும் பார்க்கும்படி செய்கிறவர். அந்த ஒற்றைக் கேசட் தன்னிடம் இருக்கிறது என்று எமரன்சியா பல வருஷமாகச் சொல்லியும் வெளிநாட்டு ரசிகர்கள் அவளைப் பொய்க்காரி என்று கேலி செய்திருந்தார்கள். வேந்தன் மாடியேறி வந்து, நடுத்தட்டைப் பார்த்து, கை கூப்பி, செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்தார். அத்தனை வருஷம் யாரும் தன்னை நம்பாததற்கு அந்த ஒரு நிமிஷம் ஈடாகிவிட்டது, எமரன்சியா அழுதாள்.

"மேடம், நாடா உதிர ஆரம்பிச்சாச்சு. இன்னும் கொஞ்ச நாள் போனா இதுல ஒண்ணும் இருக்காது. ஒரே ஒரு தடவை ஓட விட்டு நான் ஏத்திக்கிட்டா, அப்புறம் இது சாகவே சாகாது" என்றார்.

"படம் சாகாது. அவ?" என்றாள் எமரன்சியா. கீழே டோரீன் முட்டை அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வேந்தன் நல்லவர், ஊர்க்கதையைக் கேட்டுவிட்டுத்தான் மாடியேறியிருந்தார், அவருக்கு உடனே புரிந்தது. ஆனால் அவரிடமும் ஒரு கேள்வி இருந்தது. "அப்போ இந்த டேப் அழிஞ்சா, அவங்களும் அதோட போயிட மாட்டாங்களா?"

படத்தை உலகத்துக்குக் கொடுத்தால் டோரீன் ராட்னியைப் போல நாளும் பொழுதும் போய்ச் செத்துவர வேண்டும், முடி மறுபடி கிராப்பாகும், ஆனால் என்றைக்கும் இருப்பாள். கொடுக்காவிட்டால் நாடாவோடு அவளும் ஒருநாள் உதிர்ந்துவிடுவாளோ, அல்லது எங்களைப் போல வாழ்வாளோ, தெரியாது. சாமியாரிடம் கேட்டதற்கு, "எனக்குத் தெரிஞ்ச வேதத்துல கேசட் பத்தி ஒண்ணும் இல்ல" என்று கையை விரித்தார். வேந்தன் ஊரிலேயே அறை எடுத்துத் தங்கினார். எமரன்சியா மக்ரூனில் சீனி போட மறந்தாள்.

இப்படி இருக்கையில் அவளுக்கு ஆசை வந்துவிட்டது. ரசிகை அல்லவா, எத்தனை நாள் தாங்குவாள்? டோரீன் சாவது படத்தின் முதல் பத்து நிமிஷத்தில். தனக்கு வேண்டியது கடைசிக் காட்சி மட்டும்தானே, உப்பு வெள்ளையில் சூரியன் எழுகிற அந்த ஒரு காட்சி, முன்னால் உள்ளதை ஓட்டித் தள்ளிவிட்டு அதை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டால் யாருக்கு என்ன கேடு என்று கணக்குப் போட்டாள். ஒரு மத்தியானம் கதவைச் சாத்தினாள், கேசட்டை எடுத்தாள், நெஞ்சில் வைத்துக்கொண்டாள், வீடியோ பொறிக்குள் தள்ளினாள். கேசட் சேர்ப்பவர்களுக்கு இரண்டு பழக்கம் உண்டு: பார்த்து முடித்ததும் அடுத்த தடவைக்காக முதலுக்கே சுற்றிவைப்பார்கள், மேலே வேறு எதுவும் பதிவாகிவிடாதபடி முதுகிலிருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுவார்கள். துண்டு உடைத்த கேசட்டை உள்ளே தள்ளினால் எந்தப் பொத்தானையும் அமுக்காமலே பொறி தானாக ஓட ஆரம்பிக்கும். இதை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் எங்களூரில் இல்லை, ஆசை அதை மறக்கடித்துவிட்டது.

திரையில் வெயில் அடித்தது. வேன் ஒன்று உப்பின் மீது வந்து நின்றது. கீழே முட்டை அடிக்கிற சத்தம் நின்றது. திரையில் கதவைத் திறந்துகொண்டு, மஞ்சள் சட்டையும் கிராப்புமாக, சிரித்துக்கொண்டு டோரீன் இறங்கினாள். இறங்கியவள் சிரிப்பை நிறுத்தி, சுற்றும்முற்றும் பார்த்து, எதையோ தேடினாள். படத்தில் அப்படி ஒரு பார்வை கிடையாது. எமரன்சியா பொத்தானைத் தேடவில்லை, வயரைப் பிடித்துச் சுவரிலிருந்து பிடுங்கினாள், ஏணிப்படியில் விழுந்து எழுந்து கீழே ஓடினாள்.

டோரீன் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மஞ்சள் சட்டை போட்டிருந்தாள். தோளைத் தாண்டி வளர்ந்திருந்த முடி போய்க் கிராப்பாகியிருந்தது, தழும்பு சிவந்திருந்தது, காலெல்லாம் உப்பு. எமரன்சியா அந்தக் காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாசமாப்போவேன், நாந்தாம்ட்டி பண்ணேன், நாந்தான் பண்ணேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சத்தம் கேட்டுத் தெரு கூடிவிட்டது.

டோரீன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். வெகுநேரம் தன் கிராப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "யக்கா, எனக்கு அந்தப் பத்து நிமிசந்தான் தெரியும். அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு நீங்க சொல்லவே இல்லையே" என்றாள்.

அவள் பார்க்க முடியாத படம் அது. போட்டால் அவள் இங்கே இருக்க மாட்டாள். ஆகவே எமரன்சியா சொன்னாள். மாவு படிந்த தரையில் உட்கார்ந்தபடியே, கண்ணை மூடிக்கொண்டு, முதல் காட்சியிலிருந்து சொன்னாள். நாங்கள் வாசலிலும் ஜன்னலிலும் நின்று கேட்டோம். வேனில் வந்த ஆறு கூட்டாளிகள், தண்ணீர் கேன் எடுக்கத் தனியாகப் போன டோரீன், வெல்டிங் முகமூடி மாட்டிய உப்பு ஆலைக் காவல்காரன், ஒவ்வொருவராகக் குறைந்து கடைசியில் மிஞ்சுகிற ஜூடித். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, நிழல் எவ்வளவு நீளம், யார் மூச்சு எப்போது நிற்கிறது என்று ஒன்று விடாமல் சொன்னாள். அத்தனை காலம் நாங்கள் பைத்தியம் என்று நினைத்தது எவ்வளவு பெரிய அன்பு என்று அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. கடைசியில் விடிகிறது, உப்பின் மீது சூரியன் எழுகிறது, ரத்தம் தோய்ந்த ஜூடித் வெளிச்சத்தைப் பார்த்து நடந்துபோகிறாள். ஜூடித் பிழைத்தாள் என்று கேட்டதும் டோரீன் கைதட்டினாள். ஜூடித் அவளுடைய உயிர்த் தோழி.

"என்னத் தேடினாளா?" என்று கேட்டாள்.

கோமதிநாயகம் அண்ணாச்சியின் சம்சாரம் தங்கபுஷ்பம், ஆமாம் என்று சொல்லேன் என்று எமரன்சியாவுக்குக் கண் ஜாடை காட்டினாள். நாங்கள் எல்லோருமே மனசுக்குள் அதைத்தான் வேண்டினோம். ஆனால் எமரன்சியா ஒரு காட்சியைக்கூட மாற்றிச் சொல்லாதவள்.

"இல்ல மக்கா. தேடல."

"ஒரு தடவ கூடயா?"

"தண்ணி கேன் எடுக்கப் போனல்லா, அதோட சரி. அதுக்கப்புறம் ஒம்பேர ஒருத்தரும் சொல்லல. எனக்குத் தாங்க முடியல. அதாம் மறுநாளே போய்ப் பூசைக்குப் பேர் குடுத்தேன்."

டோரீன் அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "அப்பம் அங்க எனக்கு ஆரும் இல்ல. அதப் பொதைச்சிருங்கக்கா. நான் கேட்டு வந்ததும் அதத்தானே" என்றாள். கேசட்டோடு தானும் போய்விடலாம் என்பது அவளுக்குத் தெரியும். "போனாப் போறேன். இத்தன நாளு நிம்மதியா முடி பின்னிக்கிட்டு இருந்தேம்லா" என்றாள்.

அடக்கம் ஊர்கூடி நடந்தது. ஒரு கேசட்டுக்குச் சின்னப் பெட்டி போதும் என்றோம். பெட்டிக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை, குமரிப் பெண்ணின் சாவு, அதற்குரிய பெட்டிதான் வேண்டும் என்று ஆளுயரப் பெட்டியே செய்தார். எமரன்சியா கேசட்டைத் தன் அம்மாவின் முக்காட்டுத் துணியில் சுற்றி நடுவில் வைத்தாள், வைத்த கையை எடுக்க அவளால் முடியவில்லை, சாமியார்தான் மெல்ல எடுத்துவிட்டார். வேந்தன் வந்திருந்தார். கேமரா வைத்திருந்தார், ஒரு படமும் எடுக்கவில்லை. முதலில் செத்தவர்கள் ஆறு பேர் பெட்டியைத் தோளில் தூக்கினார்கள், பாடகர் குழு முன்னால் போனது, டோரீன் கறுப்புச் சேலை கட்டி, தன் சாவுக்குப் பின்னால் தானே நடந்து வந்தாள்.

கடற்கரைச் சாலை திரும்புகிற இடத்தில் ராட்னி மறைந்தான். எங்கேயோ யாரோ அவன் படத்தைப் போட்டுவிட்டார்கள். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது, உள்ளே கேசட் கடகடவென்று உருண்டு போய் மோதியது, கூட்டம் ஐயோ என்றது. யாரும் எட்டிப் பிடிப்பதற்கு முன்னால் டோரீன் ஓடிப்போய், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலியான இடத்தில் தன் தோளைக் கொடுத்தாள். பெட்டி நிமிர்ந்தது. செத்தவர்கள் ஐந்து பேரும் டோரீனும் அதைத் தூக்கிப் போனார்கள். வழியில் ஆட்டோக்கள் நின்றன, கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கினார்கள், ஐஸ் வண்டிக்காரர் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

சாமியார் "டோரீனின் ஆத்துமா இளைப்பாறவும்" என்றார். எல்லோருக்கும் முன்னால் "ஆமென்" என்றவள் டோரீன்தான். பெட்டி குழிக்குள் இறங்கியது. எமரன்சியா ஒரு கையால் டோரீனின் மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டு, இன்னொரு கையால் மண்ணை அள்ளினாள். ஒரே ஒரு கைப்பிடி. உலகத்தில் வேறெங்கும் இல்லாத படத்தின் மீது அது விழுந்தது. நாங்கள் ஒருத்தரும் குழியைப் பார்க்கவில்லை, டோரீனைத்தான் பார்த்தோம். அவள் நின்றாள். மண் தள்ளி மூடினார்கள், அப்போதும் நின்றாள். சிலுவை நட்டார்கள், அப்போதும் நின்றாள். கடைசியில் அண்ணாச்சிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி சரி, எல்லாரும் காப்பி குடிக்க வாங்க" என்றார்.

ஆனால் பயம் எங்களை விடவில்லை. எங்கள் கல்லறை மண் கடல் மண், உப்பு மண். எதையும் சீக்கிரம் தின்றுவிடும். மழை வந்தது. பெய்கிற ஒவ்வொரு மழைக்கும் யாராவது ஒருவர் குடையைப் பிடித்துக்கொண்டு ஏதோ மக்ரூன் வாங்க வந்தவர் போலப் பேக்கரியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனோம். எமரன்சியா அவளை ஒரு நிமிஷம் கண்ணிலிருந்து விலக விடவில்லை. டோரீனோ கிராப்பை எண்ணெய் தேய்த்துச் சீவிக்கொண்டு, எத்தனை மக்ரூன் வேண்டும் என்று கேட்டாள்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் டோரீனுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. சளி பிடித்தது, தும்மினாள், சாதாரணத் தும்மல். செய்தி தெருவெல்லாம் பரவி, முதலில் செத்தவர்கள் எல்லோரும் ஓடி வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அவர்களில் யாருக்கும் ஒருநாளும் காய்ச்சல் வந்ததில்லை. ராட்னி வெட்கப்பட்டுக்கொண்டே அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான். தொட்டவன் சூடு பட்ட கையை வெகுநேரம் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் வந்து, பருவ மாற்றம்தான், கஞ்சி கொடுங்கள் என்றார். தங்கபுஷ்பம் சந்தோஷத்தில் குலவை போட்டாள். காய்ச்சல் வருகிற உடம்பு கிழடு தட்டும், நரைக்கும், முட்டி வலிக்கும், எங்கள் எல்லோரையும் போல ஒருநாள் ஒரே ஒரு தடவை ஒழுங்காகச் சாகும். அதை நினைத்து நாங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம்.

டோரீனுக்கு மட்டும் இது ஒன்றும் புரியவில்லை. போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு, தழும்பைக் கையால் மூடிக்கொண்டு, "யக்கா, மறுபடியும் நாந்தான் மொதல்லயா?" என்று கேட்டாள்.

எமரன்சியா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். "ஏட்டி கூறுகெட்டவளே," என்றாள். "எனக்கு ஒன்ன விட முப்பது வயசு கூட. இந்த வீட்டுல மொதல்ல சாவுறது நாந்தான். நீ இருந்து, தேடி, அழணும். வாயத் தொற."